மெய்ம்மறை: இரும்புக்கு அடியில் இருந்த துணி

மும்பையில் முப்பது வருடங்களுக்கு மேல் ஜவுளி வியாபாரம் செய்தவன் நான். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. சரித்திரம் கடை மூடிய பிறகு பிடித்துக்கொண்ட பித்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்துக்கொண்டு சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நம்மவர்களுக்குப் பழைய பெயரான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்றால்தான் தெரியும். அங்கே அக்பரின் எஃகு மார்புக் கவசம் இருக்கிறது, ஆண்டு 1581. நான் நகராமல் நிற்பதைப் பார்த்த பேரன், "ஏன் தாத்தா, நாம சமணர்தானே, சண்டைச் சாமானை எதுக்கு இவ்வளவு நேரம் பாக்கறீங்க?" என்றான். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

கவசத்துக்குச் சங்கத் தமிழில் மெய்ம்மறை என்று பெயர். மெய்யை மறைப்பது. பதிற்றுப்பத்து சேர மன்னனையே வீரர்களுக்கு மெய்ம்மறை என்று புகழ்கிறது.

வடநாட்டில் பரவலாக இருந்தது 'ஜிரா' எனும் சங்கிலிச் சட்டை. பல்லாயிரம் இரும்பு வளையங்கள். ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ள நான்கோடு கோத்தது. வாள் வெட்டு இதில் இறங்காது. ஆனால் கதையால் ஓங்கி அடித்தால் சட்டை கிழியாது, உள்ளே விலா முறியும். ஆகவே அடியில் பஞ்சு திணித்து, நாம் ரஜாய் தைப்பதுபோல் நெருக்கித் தைத்த அங்கி வேண்டும். இரும்பு வெட்டைத் தடுக்கும். அடியின் வேகத்தை வாங்கிக்கொள்வது பஞ்சு. கூர்மையான அம்பு வளையத்தைப் பிளக்குமே என்று, பாரசீக வழக்கப்படி சட்டையின் மேல் நான்கு தகடுகளைக் கட்டினார்கள்: மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, விலாவுக்கு இரண்டு. விலாத் தகட்டில் கை அசைய அக்குளருகே வளைவாக வெட்டிவிடுவார்கள். இதுதான் 'சார் ஆய்னா', நான்கு கண்ணாடி.

1659 நவம்பர் 10. பிரதாப்கட் அடிவாரத்தில் சிவாஜி அஃப்சல் கானைச் சந்தித்தபோது உடுப்புக்குள் சங்கிலிச் சட்டை அணிந்திருந்தார். கானின் கத்தி பாய்ந்தும் உள்ளே இறங்கவில்லை. ஓர் உயிர் தப்பியது. அதே இடத்தில் அஃப்சல் கானின் உயிர் போயிற்று. கவசம் போட்டவன் ஆயுதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை. இதை மறைத்து அகிம்சை பேசினால் அது பொய்.

துப்பாக்கி பலமானதும் இரும்புக் கவசம் தர்பார் அலங்காரமாயிற்று. குண்டைத் தடுக்கும் தகடு என்றால் அதைச் சுமந்து நடக்க முடியாது. அப்புறம் என்ன ஆயிற்று? துணியே திரும்பி வந்தது. 1897-இல் சிகாகோவில் கசிமிர் செக்லென் என்ற பாதிரியார் பட்டை நெருக்கி நெய்து குண்டு துளைக்காத சட்டைக்குக் காப்புரிமை பெற்றார். (பட்டும் எங்களுக்கு உயிர்வதைதான், அது வேறு பேச்சு.) 1965-இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் ஸ்டெஃபனி குவோலெக் அம்மையார் கண்டுபிடித்த இழைதான் கெவ்லார். அதை நெய்து பல அடுக்காக வைத்தால், குண்டின் வேகத்தை இழைகள் பங்குபோட்டு வாங்கிக்கொள்கின்றன. பஞ்சு அங்கி செய்த அதே வேலை!

பேரனிடம் சொன்னேன்: "வாள் எத்தனை பேரை வெட்டிச்சுன்னு பெருமை பேசலாம். கவசத்துக்கு இருக்கற ஒரே பெருமை, உள்ளே இருந்தவன் வீடு திரும்பினான்கறதுதான். அதான் பாக்கறேன்."

அடுத்த முறை மியூசியம் போகும்போது தகட்டின் ஓரத்தைக் கவனியுங்கள். உள்துணியைப் பிடித்துத் தைத்த சிறு துளைகள் பல கவசங்களில் தெரியும். துணி மக்கிவிட்டது, இரும்பு நின்றுவிட்டது. அதனால்தான் கவசம் என்றாலே இரும்பு என்று நினைக்கிறோம்.