பம்பாயின் மதியச் சாப்பாட்டுக் கடைகள்

பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்தவர்களுக்குத் தங்க இடம் கிடைப்பதைவிட, மதியம் நம்பிச் சாப்பிட ஓர் இடம் கிடைப்பது பல வேளைகளில் கடினமாக இருந்தது. இன்று மும்பையில் தெருவுக்குத் தெரு காணப்படும் எளிய உணவகங்கள் பலவும் இந்தத் தேவையிலிருந்து முளைத்தவை. யார் எங்கே வேலை பார்த்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், யார் கையால் சாப்பிடச் சம்மதித்தார் என்பவற்றைப் பொறுத்தே ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு வகைக் கடை உருவாயிற்று.

காணாவள்

1854இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் பம்பாயின் முதல் பருத்தி ஆலை நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் பரேல், லால்பாக், வர்ளி, பைகுல்லா பகுதிகள் ஆலைப் புகைபோக்கிகளால் நிறைந்தன. மராத்தியில் இப்பகுதிக்குக் 'கிரண்காவ்', அதாவது ஆலைகளின் ஊர், என்றே பெயர். கொங்கணக் கரையின் இரத்தினகிரியிலிருந்தும் மேட்டுநிலச் சாத்தாராவிலிருந்தும் வந்த ஆண்கள் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் ஓர் அறையைப் பலராகப் பங்கிட்டு வாழ்ந்தார்கள். இரவு முறைக்குப் போனவர் திரும்பி வரும்போது பகல் முறைக்காரர் எழுந்து பாயைக் காலி செய்வார். அத்தகைய அறையில் அடுப்பு மூட்ட இடமும் இல்லை, நேரமும் இல்லை.

அவர்களுக்குச் சோறு போட்டது 'காணாவள்'. பெயர்ப்பலகை கிடையாது. அதே குடியிருப்பில் வாழும் ஒரு பெண் தன் வீட்டு அடுப்பிலேயே பத்து இருபது பேருக்குச் சேர்த்துச் சமைப்பாள். பலரும் விதவைகள், அல்லது கணவனின் கூலி போதாத குடும்பத்துப் பெண்கள். கணக்கு மாதத்துக்கு ஒருமுறை, ஆலைச் சம்பளம் வந்த பிறகு தீர்க்கப்படும். புதிதாக வந்தவருக்கு நல்ல காணாவளைக் காட்டிக் கொடுப்பவர் சொந்த ஊர்க்காரர்தான். ஊர், சாதி, குழம்பின் காரம் மூன்றும் ஒத்துப்போனால் அதுதான் அவருக்கு நல்ல கடை. சென்னைத் திருவல்லிக்கேணியின் மெஸ்களை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் மெஸ்ஸைப் போலன்றி இது பெரும்பாலும் பெண்களின் தொழில். அதனாலேயே பம்பாயின் தொழில் வரலாற்றில் அதற்கு நெடுங்காலம் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை என்று கருத இடமுண்டு.

இரானி கடைகள்

கோட்டைப் பகுதியின் அலுவலகங்களைச் சுற்றி வேறொரு வகைக் கடை எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானின் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து வந்த சொராஷ்டிரியர்கள் இரானிகள் எனப்பட்டனர். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குஜராத்தில் குடியேறிய பார்சிகளும் இவர்களும் ஒரே சமயத்தினர் என்றாலும் ஒரே சமூகத்தினர் அல்லர். தோபி தலாவ் அருகிலுள்ள கியானி 1904இலும் பல்லார்ட் எஸ்டேட்டிலுள்ள பிரிட்டானியா 1923இலும் தொடங்கப்பட்டவை.

இரானி கடைகள் பெரும்பாலும் தெரு முனைகளில் இருப்பதற்கு ஒரு காரணம் சொல்வதுண்டு. முனை மனை ஆகாது என்று இந்து வணிகர்கள் ஒதுக்க, இரானிகள் அவற்றைக் குறைந்த வாடகைக்கு எடுத்தார்கள் என்பதே அது. இருக்கலாம். ஆனால் இரண்டு தெருக்களிலிருந்தும் ஆள் வரும், இரண்டு பக்கமும் வெளிச்சம் விழும் ஓர் இடத்தைத் தேநீர்க் கடைக்காரர் விரும்ப, வேறு காரணம் தேவையில்லை.

பளிங்கு மேசை, வளைமர நாற்காலி, சுவரில் கண்ணாடி, வெண்ணெய் தடவிய பன், கீமாவும் பாவும், ஆம்லெட், கெட்டித் தேநீர் ஆகியவை இக்கடைகளின் அடையாளங்கள். இவற்றைவிட முக்கியமானது, எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் காசு கொடுத்த எவரும் உட்கார முடிந்தது என்பதாகும். உணவகங்களுக்குள் நுழைவதில் சாதி, மத வேறுபாடு கூடாது என்பதை 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு உறுதி செய்தது. அதற்கு முன்பே, சட்டத்தின் கட்டாயம் இல்லாமல், இது இங்கே வழக்கமாகியிருந்தது. இதைப் பெரிய சமூகப் புரட்சியாக எழுதுபவர்கள் உண்டு. அது சற்று மிகை. வெளியூரிலிருந்து வந்த கடைக்காரருக்கு உள்ளூர்ச் சாதி வரிசையைக் காப்பதில் ஆதாயம் எதுவும் இல்லை என்பதே அடிப்படை.

கட்டுப்பாடு இல்லாமலும் இல்லை. கடையில் என்னென்ன செய்யக்கூடாது என்று நீளும் அறிவிப்புப் பலகைகள் பெயர்பெற்றவை. கவிஞர் நிசிம் எசெக்கியேல் அவற்றை வைத்து ஒரு கவிதையே எழுதினார்.

மாட்டுங்காவும் தாராவியும்

1896இல் பரவிய பிளேக் நோய்க்குப் பிறகு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அது திட்டமிட்டு உருவாக்கிய புறநகர்ப் பகுதிகளுள் மாட்டுங்கா ஒன்று. ரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் சேர்ந்த தென்னிந்தியர்கள் இங்கே குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தொடங்கப்பட்டதிலிருந்து அவர்களின் வளர்ச்சியை அறியலாம். திருமணமாகாத எழுத்தருக்கு இலையில் சோறு, சாம்பார், ரசம், மோர் வேண்டியிருந்தது. 1942இல் ஏ. ராமா நாயக் மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் அந்தத் தேவைக்குப் பிறந்தது. உடுப்பிக்காரர்கள் பின்னர் நகரெங்கும் பரவினர். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுக்கும் 'ரைஸ் பிளேட்' என்ற சொல் மராத்தியரும் குஜராத்தியரும் வழங்கும் பம்பாய்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

மாட்டுங்காவுக்கு வெகு அருகில் தாராவி. அங்கும் தமிழர்களே திரளாக வாழ்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த ஒடுக்கப்பட்ட சமூகத்தினரின் வழிவந்தவர்கள். விடியற்காலையில் தாராவி வீடுகளில் வேகும் இட்லி, சைக்கிளில் நகரின் பல மூலைகளுக்கும் போகிறது. உணவு வழிகாட்டிகள் மாட்டுங்காவோடு நின்றுவிடுகின்றன. மும்பையின் தமிழ்ச் சாப்பாடு என்று எழுதும்போது இந்தச் சைக்கிள்களை விட்டுவிடுவது சரியாகாது.

1966க்குப் பின்

1966இல் சிவசேனை தோன்றியது. வேலைகளைத் தென்னிந்தியர்கள் பறிக்கிறார்கள் என்ற அதன் பரப்புரை சூடேறியபோது உடுப்பி ஓட்டல்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. பெயர்ப்பலகையும் பொதுவாசலும் உள்ள கடைதானே கல்லெறிய எளிது. வடா பாவ் மராத்தியரின் உணவாக முன்னிறுத்தப்பட்டதும், வேலையற்ற இளைஞர்கள் அதை விற்க ஊக்குவிக்கப்பட்டதும் இந்த அரசியலின் ஒரு பகுதி. எனினும் உடுப்பி ஓட்டல்கள் மூடவில்லை. காலப்போக்கில் பாவ் பாஜியையும் சேர்த்துக்கொண்டு அவை மேலும் பெருகின.

காணாவள்களுக்கு வந்த சோதனை வேறு. ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் அவர்களுக்குச் சோறு போடுவதைப் பெண்கள் நிறுத்தவில்லை. மளிகைக் கடைக்கான கடனும் வட்டியும் அவர்கள் தலையில் விழுந்தன. அடகு வைக்க ஏதும் இல்லாத பெண்ணுக்கு வங்கிக் கதவும் திறக்காது. தொழிற்சங்கப் பணியிலிருந்த பிரேமா புராவ் 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கி இப்பெண்களைக் குழுக்களாக இணைத்தார். ஒருவருக்கு ஒருவர் பிணை நின்று தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளில் கடன் பெற்றார்கள். சமையலை 'வீட்டு வேலை' என்று சொல்லி ஒதுக்கியவர்கள் அதைத் தொழில் என்று ஏற்கவேண்டி வந்தது.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன்பின் பல ஆலைகள் மீளவே இல்லை. சாப்பிட வந்தவர்கள் ஊர் திரும்பியதும் காணாவள்களின் அடுப்புகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆலை நிலங்களில் இன்று கண்ணாடிக் கட்டடங்களும் வணிக வளாகங்களும் நிற்கின்றன. இரானி கடைகளும் வாடகைத் தகராறு, அடுத்த தலைமுறையின் விருப்பமின்மை ஆகியவற்றால் சுருங்கிவிட்டன. பரேலின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் பிற்பகல் ஒரு மணிக்குக் கீழே இறங்கி, மலிவான சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்டே தெரிந்துகொள்கிறார்கள்.