திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை

பிறந்தது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிய, திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தின் நிறுவனர் மருத்துவர் எம்.கே.சி. நாயரும் குழுவினரும் உருவாக்கிய ஒரு பக்கத் தாள். 1991-இல் வெளியானது, பின்னாளில் ஆறு வயது வரை விரிவாக்கப்பட்டது. குழந்தை வளர்ச்சியை அளக்கும் பெய்லி அளவுகோலுக்குப் பரோடாவில் திரட்டிய தரவுகளிலிருந்து பொறுக்கிய 17 செயல்கள் இதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடைக்கோடு: இடமுனை 3 விழுக்காட்டுக் குழந்தைகள் அதைச் செய்துவிடும் வயது, வலமுனை 97 விழுக்காட்டினர் செய்துவிடும் வயது. குழந்தையின் வயதில் ஸ்கேலைச் செங்குத்தாக வைப்பார்கள். அதற்கு இடப்புறமே கோடு முடிந்துபோன செயல் ஏதேனும் வராவிட்டால் மேல்பரிசோதனை. கருவிப்பெட்டி எதுவும் வேண்டாம்; பேனாவும் சாவிக்கொத்தும் போதும். அங்கன்வாடி ஊழியரே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். இதன் பெருமையே அதுதான்.

நகரும் பேனாவைக் கண் தொடர்கிறதா, ஒலி வந்த பக்கம் தலை திரும்புகிறதா, பொருள் கைமாறுகிறதா, குழந்தை பின்னோக்கி நடக்கிறதா என்று புலனையும் அசைவையும் இது தொட்டுப் பார்க்கிறது, ஆனால் ஆழமாகப் போவதில்லை. சட்டையின் தையல் உரசினாலே அழும் பிள்ளையும், கைகால் நன்றாக இருந்தும் பித்தான் போடத் தெரியாமல் திணறும் பிள்ளையும் இதில் தேறிவிடக்கூடும். அவர்களை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான் மதிப்பிட வேண்டும். அத்தகைய மதிப்பீட்டின் முன்னோடி ஜீன் ஏயர்ஸ் இதற்கென உருவாக்கிய தேர்வுத் தொகுதி, அவர் மறைந்த மறு ஆண்டான 1989-இல் வந்தது. இதிலும் 17 தேர்வுகள். தடுப்பு வைத்து மறைத்த கையில் எந்த விரலைத் தொட்டார்கள் என்று குழந்தை காட்ட வேண்டும். தெரபிஸ்ட் காட்டும் விசித்திரமான உடல்நிலையைப் பார்த்ததும் அதையே தானும் செய்துகாட்ட வேண்டும். ஆனால் அத்தொகுதி வட அமெரிக்கக் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டது. அங்கன்வாடிக்கு அது ஒத்துவராது.