வகையீடு தரப்பட்டதா, தேர்ந்துகொள்ளப்பட்டதா? பரிமாற்றா வெளிகளில் வகை நுண்கணிதத்தின் வரலாறு (1925–2005)

ஆய்வுச் சுருக்கம்

பெருக்கலின் வரிசை மாறினால் விடையும் மாறும் இயற்கணிதங்களின்மீது வகை நுண்கணிதத்தை அமைக்கும் முயற்சி 1925-இல் டிராக்கின் கட்டுரையில் தொடங்கி, 1980களில் கோன், வொரோனோவிச் ஆகிய இருவரிடம் இருவேறு வடிவங்களைப் பெற்றது. இவ்வெளிகளில் வகையீடு வெளியோடு தானே உடன்வருவதில்லை, அது தேர்ந்துகொள்ளப்படுகிறது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பரிமாற்றா வடிவியல், குவாண்டம் குலம், வகையீடு, சமச்சீர்மை, டிராக் செயலி

முன்னுரை

நியூட்டனும் லைப்னிட்சும் அமைத்த வகை நுண்கணிதம் ஓர் உடன்பாட்டின்மீது நிற்கிறது. எக்ஸ் என்னும் மாறியும் அதன் வகையீடாகிய டிஎக்ஸும் பெருக்கப்படும்போது எது முன், எது பின் என்பது பொருட்டன்று என்பதே அது. மிக இயல்பானதாகத் தோன்றியமையால் அதனைத் தனியொரு விதியாக எழுதிவைக்க வேண்டிய தேவை எழவில்லை. எக்ஸின் இருபடியை வகையிட்டு ‘இரண்டு எக்ஸ்’ என எழுதும் பள்ளி மாணவரும் அவ்வுடன்பாட்டை அறியாமலே பயன்படுத்துகிறார். பெருக்கல் விதி நேரடியாகத் தருவது ‘டிஎக்ஸ் பெருக்கல் எக்ஸ்’, ‘எக்ஸ் பெருக்கல் டிஎக்ஸ்’ என்னும் இரண்டு உறுப்புகளின் கூட்டலை மட்டுமே. அவ்விரண்டும் ஒன்றே எனக் கொண்டு ‘இரண்டு’ என்று எண்ணுவது வேறொரு முடிவு.

பரிமாற்றா வடிவியலைப் பற்றிய அறிமுக நூல்கள் பல, பழைய நுண்கணிதம் புதிய வெளிகளுக்கு விரிவாக்கப்பட்டது என ஒரு தொடரில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. விரிவாக்கம் என்னும் சொல் இங்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

ஒரே கோடு, மூன்று நுண்கணிதங்கள்

வினாவைத் தெளிவாக்க, பரிமாற்றுத்தன்மை உடைய ஒற்றை மாறியையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். டிஎக்ஸை எக்ஸின் இடப்புறத்திலிருந்து வலப்புறத்திற்குக் கொண்டுசெல்லும் விதியை மூன்று வகையாக வகுக்க இயலும். எம்மாற்றமும் நிகழாது எனக் கொண்டால் நியூட்டனின் வகைக்கெழு கிடைக்கிறது. டிஎக்ஸைத் தாண்டும் எக்ஸ் ஒரு நிலையான அளவு கூடிவிடும் எனக் கொண்டால், கிடைப்பது வேறுபாட்டு நுண்கணிதம்; அதில் எல்லை காணும் செயலே இல்லை. எக்ஸ் ஒவ்வொரு முறையும் கியூ என்னும் எண்ணால் பெருக்கப்படும் எனக் கொண்டால், எக்ஸின் முப்படிக்கு முன்னே நிற்கும் எண் 3 அன்று. 1, கியூ, கியூவின் இருபடி ஆகியவற்றின் கூடுதல். கியூவின் மதிப்பு 2 எனின் அது 7 ஆகும். கியூ 1 ஆனால் மீண்டும் 3.

இம்மூன்றாம் வகைக்கெழு புதியதன்று. ஆங்கிலேயக் கணிதவியலரும் மதகுருவுமான எஃப். எச். ஜாக்சன் 1908-இல் இதனை ஒரு வேறுபாட்டுச் செயலியாக முறைப்படுத்தியிருந்தார். அவர் அதனைத் தொடர்களையும் சிறப்புச் சார்புகளையும் ஆராயும் கருவியாகவே கண்டார். அவரது செயலிக்குப் பின்னே பரிமாற்றா வகையீடு ஒன்று உள்ளது என்னும் வாசிப்பு எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தது.

வெளி மூன்றிலும் ஒன்றே. அதன்மீதுள்ள சார்புகளும் அவையே. வகையீடு மட்டும் மூன்று. பரிமாற்றுத்தன்மையுள்ள எளிய கோட்டிலேயே நிலை இதுவாயின், பரிமாற்றா வெளியில் எது ‘இயல்பான’ வகையீடு என்னும் கேள்விக்கு விடை தானே கிடைக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

டிராக்கின் வழி

1925-இல் ஹைசன்பர்க் புதிய இயக்கவியலை முன்வைத்தார். அதிலுள்ள பெருக்கல் அணிகளின் பெருக்கலே என மாக்ஸ் போர்ன் கண்டுகொண்டார். இடத்தையும் உந்தத்தையும் பெருக்கும்போது வரிசை மாறினால் விடை மாறும் என்பது அவரும் ஜோர்டானும் எழுதிய கட்டுரையில் சமன்பாடாக வடிவம் பெற்றது. அப்போது கேம்பிரிட்ஜில் 23 வயது ஆய்வு மாணவராக இருந்த டிராக், அவ்வாண்டிலேயே குவாண்டம் இயக்கவியலின் அடிப்படைச் சமன்பாடுகளைப் பற்றித் தம் கட்டுரையை எழுதினார்.

அக்கட்டுரையில் குவாண்டம் வகையீட்டிற்கென ஒரு பகுதி உண்டு. வகையீடு என்னும் செயல் கூட்டல் விதியையும், வரிசையைக் காக்கும் பெருக்கல் விதியையும் நிறைவு செய்ய வேண்டும். வேறு நிபந்தனை இல்லை. இவற்றைக் கொண்டே, ஒரு கணியத்தை நிலையான மற்றொன்றால் வலப்புறம் பெருக்கியதிலிருந்து இடப்புறம் பெருக்கியதைக் கழிப்பதுதான் வகையீட்டின் பொதுவடிவம் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். எல்லை, சாய்வு, தொடுகோடு ஆகிய எவையும் இல்லாத வகையீடு இது. இயற்பியல் வரலாற்றில் இக்கட்டுரை பெரிதும் பேசப்படுகிறது; நுண்கணித வரலாற்றில் இப்பகுதிக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே கருதுகிறேன்.

ஆயினும் இவ்வழிக்கு எல்லை உண்டு. எல்லாம் பரிமாறும் பழைய வெளியில் இக்கழித்தல் சுழியாகிவிடுகிறது. பின்னர் வந்த குவாண்டம் குலங்களின் இயற்கணிதங்களிலோ, பெருக்கல் விதியை நேரடியாக நிறைவு செய்யும் வகையீடுகள் ஒரு வடிவியலை அமைக்கப் போதுமான அளவில் இல்லை.

புள்ளிகள் இல்லாத வெளி

1943-இல் கெல்ஃபாண்டும் நைமார்க்கும் ஒரு வெளியை அதன்மீதுள்ள தொடர்ச்சியான சார்புகளின் இயற்கணிதத்திலிருந்தே மீட்டெடுக்கலாம் என நிறுவினர். அதன் உட்பொருளைக் கடைசிவரை கொண்டுசென்றவர் பிரெஞ்சுக் கணிதவியலர் அலேன் கோன். சார்புகளின் இயற்கணிதம் பரிமாறாததாக இருப்பின், அதற்குரிய வெளியில் சாதாரணப் பொருளில் புள்ளிகள் போதுமான அளவில் இரா; இயற்கணிதமே வெளியாகக் கொள்ளப்படும். 1980-இல் வெளியான குறுங்கட்டுரையிலும் 1985-இல் வந்த நெடுங்கட்டுரையிலும் அவர் இவ்வெளிகளுக்கு வகை வடிவியலை அமைத்தார். அங்கும் வகையீடு வரிசைமாற்றத்தின் வேறுபாடே. ஆனால் மாற்றப்படுவது இயற்கணிதத்திற்கு வெளியிலிருந்து வரும் ஒரு செயலியோடு. பிற்காலத்தில் அவ்விடத்தை டிராக் செயலி பெற்றது. எச்செயலியைக் கொள்வது என்பதிலேயே வெளியின் தொலைவும் பரிமாணமும் அடங்கியுள்ளன. தேர்வு இங்கே செயலிக்குள் மறைந்திருக்கிறது எனலாம்.

குவாண்டம் குலங்களும் நான்காம் திசையும்

மற்றொரு மரபு லெனின்கிராடில் ஃபதேயேவைச் சுற்றி வளர்ந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. 1985-இல் டிரின்ஃபெல்டும் ஜப்பானின் ஜிம்போவும் தனித்தனியே லீ இயற்கணிதங்களின் திரிபுகளை வரையறுத்தனர். 1986-இல் பெர்க்லியில் நடந்த உலகக் கணித மாநாட்டிற்கான டிரின்ஃபெல்டின் உரை ‘குவாண்டம் குலங்கள்’ என்னும் பெயரை நிலைபெறச் செய்தது. கணிதத்தில் குலம் எனப்படுவதன் இலக்கணம் இவற்றுக்குப் பொருந்தாது. உறுப்புகளே இல்லாதவிடத்துக் குலம் ஏது? வார்சாவில் பணியாற்றிய வொரோனோவிச் இவற்றைப் போலிக்குலங்கள் என்றே அழைத்தார். 1989-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பில் ‘குவாண்டம் குலங்கள்’ அடைப்புக்குறிக்குள்தான் இடம்பெற்றது. பெயர்ப் போட்டியில் வென்றது டிரின்ஃபெல்டின் சொல். நம் கலைச்சொல்லும் அதனையே பின்பற்றுகிறது.

வகை நுண்கணிதத்தைப் பொறுத்தவரை திருப்புமுனை வொரோனோவிச்சினுடையது. 1987-இல் கியோட்டோவிலிருந்து வெளிவரும் இதழில் எஸ்.யூ(2) குலத்தின் திரிந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதன்மீது மூன்று பரிமாண வகை நுண்கணிதம் ஒன்றை முழுமையாகக் கட்டிக் காட்டினார். எஸ்.யூ(2)-இன் பரிமாணமும் மூன்றே. எனவே எண்ணிக்கை சரியாக அமைந்தது. ஆனால் அந்நுண்கணிதம் இடப்புறப் பெயர்ச்சிகளின்கீழ் மட்டுமே மாறாதிருந்தது. பழைய குலத்தில் இடம், வலம் ஆகிய இரு பெயர்ச்சிகளுக்கும் வகையீடு ஒரேவிதமாக உடன்படுகிறது. அதனைப் புதிய வெளியிலும் வேண்டினால் என்ன ஆகும்?

1989-ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்கு விடை தந்தது. இருபுறச் சமச்சீர்மையை வேண்டினால் மூன்று பரிமாணம் போதாது, நான்கு தேவை. அவ்வாறான நான்கு பரிமாண நுண்கணிதங்களும் ஒன்றல்ல, இரண்டு. மூன்று பரிமாண வெளியொன்றின்மீது நான்கு தனித்த வகையீட்டுத் திசைகள்! பழைய நுண்கணிதத்தின் இரண்டு பண்புகள், அதாவது சரியான பரிமாணமும் முழுச் சமச்சீர்மையும், கியூ 1 ஆக இருந்தபோது ஒன்றாக வாழ்ந்தன. கியூ சற்றே விலகியதும் அவற்றுள் ஒன்றைக் கைவிட வேண்டியதாயிற்று. விரிவாக்கம் என்னும் சொல் பொருந்தாது எனக் கூறுவதற்கு இதுவே வலுவான சான்று.

மேலும் ஒரு செய்தி. இந்நான்கு பரிமாண நுண்கணிதங்களில், இருபுறமும் மாறாத ஒரு வகையீட்டுறுப்பு உண்டு. எந்தச் சார்பின் வகையீடும் அவ்வுறுப்போடு அச்சார்பின் வரிசைமாற்ற வேறுபாடாகவே கிடைக்கிறது. டிராக்கின் 1925-ஆம் ஆண்டு வடிவம் இங்கே திரும்பி வருகிறது. கூடுதலாக வந்த திசையை வெறும் இடையூறாகக் கருதாமல், அதற்குரிய பகுதி வகைக்கெழு லாப்லாஸ் செயலியின் பணியைச் செய்கிறது என விளக்கியவர் ஷான் மஜித்.

குலத்திற்கு அப்பால் வெளிகளிலும் இம்முறை பரவியது. யூரி மானின் 1988-இல் வெளியிட்ட விரிவுரைகளில் இடம்பெற்ற குவாண்டம் தளத்தில், எக்ஸையும் ஒய்யையும் வரிசை மாற்றிப் பெருக்கினால் கியூ மடங்கு வேறுபாடு எழும். 1990-ஐ ஒட்டி யூலியுஸ் வெஸ்ஸும் புரூனோ சூமினோவும் அதன்மீது குவாண்டம் குலச் சமச்சீர்மைக்கு உடன்படும் வகையீட்டைக் கண்டனர்; ஓர் அச்சில் மட்டும் வகையிட்டால் கிடைப்பது ஜாக்சனின் பழைய வகைக்கெழுவே. சென்னையில் சக்ரபர்தியும் ஜெகந்நாதனும் 1991-இல் ஒரு கியூவுக்கு மாறாக இரண்டு அளவுருக்கள் கொண்ட குவாண்டம் இயற்கணிதங்களை அலையியற்றியின் வழி அமைத்ததும் இக்காலத்தின் ஓட்டத்தைச் சேர்ந்ததே.

இரு மரபுகளின் சந்திப்பு

கோனின் மரபு செயலியை முதன்மையாகக் கொண்டது. வொரோனோவிச்சின் மரபு சமச்சீர்மையை. ஒரே எஸ்.யூ(2)-இன் திரிபை இரண்டும் ஏற்குமா என்பது பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தெளிவாகவில்லை. 2003-இல் இந்தியப் புள்ளியியல் கழக மரபில் வந்த பார்த்தசாரதி சக்ரவர்த்தியும் அருப்குமார் பாலும் அவ்வெளியில் சமச்சீர்மைக்கு உடன்படும் செயலிகளை முறையாக வகைப்படுத்தினர். இடத்தியல் செய்தியை இழக்காத எந்தச் செயலிக்கும் பரிமாணம் மூன்றுக்குக் குறையாது என்றும், மூன்றே உடையது உண்டு என்றும் நிறுவினர். (சக்ரவர்த்தி பின்னர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றினார்.) வொரோனோவிச்சின் நான்கோடு இம்மூன்று முரண்படுவதாகக் கொள்ளலாகாது. முன்னது தனித்த திசைகளின் எண்ணிக்கை. பின்னது செயலியின் ஐகென் மதிப்புகள் வளரும் வேகம். 2004-இல் கோன் இவ்விருவரின் அமைப்பை எடுத்துக்கொண்டு தம் குறியீட்டு வாய்பாட்டை அதன்மீது முழுமையாகக் கணக்கிட்டார்.

அடுத்த ஆண்டில் டோம்ப்ரோவ்ஸ்கி, லாண்டி, சிட்டார்ஸ், வான் சவ்லெகோம், வரில்லி ஆகிய ஐவர் இடம், வலம் ஆகிய இரு செயல்களுக்கும் உடன்படும் டிராக் செயலியை அமைத்தனர். அதன் ஐகென் மதிப்புகள் பழைய முப்பரிமாணக் கோளத்திற்கு உரியவையே. இம்முறை பரிமாணம் கூடவில்லை. மாறாக, கோனின் முதல்வரிசை நிபந்தனை துல்லியமாக நிறைவேறவில்லை. எவ்வளவு உயர்வரிசை நுண்ணளவையும் புறக்கணிக்கலாம் என்னும் தளர்வோடுதான் அது நிற்கிறது.