திரைக்குள் இருந்த பொன், தெருவுக்கு வந்த பொன்

விடுதலைப் பயண நூல் விவரிக்கும் சந்திப்புக் கூடாரத்தில் ஒவ்வொரு உலோகத்துக்கும் இடம் வகுத்திருந்தது. வெளிமுற்றத்துப் பலிபீடமும் கைகால் கழுவும் தொட்டியும் வெண்கலம். கூடாரச் சட்டங்களைத் தாங்கிய பாதங்கள் வெள்ளி. உள்ளே விளக்குத்தண்டு பசும்பொன். சித்திம் மரத்தால் செய்த பேழைக்கும் தூபபீடத்துக்கும் பொன் தகடு. உள்ளே போகப் போக உலோகத்தின் விலை ஏறியது. போகத் தகுதி பெற்றவர் தொகை குறைந்தது. கடைசித் திரைக்கு அப்பால் தலைமைக் குரு ஒருவரே, அதுவும் ஆண்டுக்கு ஒரே நாள் சென்றார். மக்களுக்கும் இறைவனுக்கும் இடையே உள்ள தொலைவை அளக்கும் கோலாக உலோகம் அங்கே நின்றது. தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரையில் அதே பொன் வேறு கணக்கில் இயங்கியது. இங்கே அது தொலைவை அளக்கவில்லை, காலத்தை அளந்தது.

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தின் தங்கத்தேர் இதற்குச் சான்று. மாதாவின் திருச்சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கடல்வழி வந்தது என்பது ஆலய வரலாறு. இன்றைய ஆலயம் 1713-இல் அர்ச்சிக்கப்பட்டது. கடல்தொழில் மக்களான பரதவரின் சாதித் தலைவர் தொன் கபிரியேல் தெக்குருஸ் வாஸ் கோமஸ் செய்வித்த தேர் 1806-இல் முதன்முதலாக ஓடியது. பேழையைப் போலவே இதுவும் உள்ளே மரம், மேலே பொன். ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் நிறையும் திருவிழா ஆண்டுதோறும் நடக்கிறது. தங்கத்தேரோ 1806 முதல் 2023 வரை இருபது முறைகூட ஓடவில்லை.

பொன்னை வெளியே கொண்டுவரும் இந்த வழக்கத்துக்கு முன்கதை உண்டு. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் இரும்பு ஆயுதங்களும் கிடைத்தன. அந்தப் பொன் இறந்தவரோடு மண்ணுக்குள் போனது. மறுபடி வெளியே வருவதற்கென்று வைத்ததல்ல. பின்னாளில் தமிழகக் கோயில்கள் கல்லுக்கும் உலோகத்துக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தன. மூலவர் கல்லாகிக் கருவறையில் நிலைத்தார். உற்சவர் உலோகமாகி வீதிக்கு வந்தார். பெயர்த்து எடுக்கக்கூடியது பறிபோகவும் கூடும். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் டச்சுக்காரர் திருச்செந்தூர் முருகன் கோயிலிலிருந்து தூக்கிச் சென்றவை உலோகத் திருமேனிகளே. கடலில் விடப்பட்ட சண்முகர் திருமேனியை நாயக்கரின் அதிகாரி வடமலையப்ப பிள்ளை 1653-இல் மீட்டார் என்கிறது கோயில் மரபு. இத்தனை ஆபத்து இருந்தும் உலோகத்தை உள்ளே பூட்டிவைக்கும் முடிவுக்கு இக்கரை வரவில்லை.

தங்கத்தேர் கோயில் தேரைப் பார்த்துச் செய்ததுதானே, இதில் தனிப்பொருள் என்ன என்று கேட்கலாம். வடிவம் அங்கிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் வடிவத்தை இரவல் வாங்கியவர்கள் கால ஒழுங்கையும் சேர்த்து வாங்கவில்லை. திருச்செந்தூரில் தங்கத்தேர் இழுப்பது பக்தர் பணம் கட்டிச் செலுத்தும் நேர்த்திக்கடன், அடிக்கடி நடப்பது. தூத்துக்குடியில் அதற்கு ஒரு தலைமுறை காத்திருந்ததும் உண்டு. செலவு தாங்காமல்தான் இந்த இடைவெளி என்பது அடுத்த மறுப்பு. செலவு தேரை நிறுத்திவைத்திருக்கலாம். எந்த ஆண்டில் ஓடவேண்டும் என்பதை அது முடிவு செய்வதில்லை. 1982-இல் ஆலயம் பேராலயமானது, அவ்வாண்டு தேர் ஓடியது. 2013-இல் ஆலயத்துக்கு 300 ஆண்டு நிறைந்தது, அப்போதும் ஓடியது. நாளைக் குறித்தது ஊரின் நினைவு. இவ்வூர்ப் பரதவரின் முத்துக்குளிப்பும் தேரைப் போலவே ஆண்டுதோறும் நடந்ததன்று. சிப்பி முதிரச் சில ஆண்டுகள் வேண்டும். சிப்பி வாழும் கடலடிப் பார்களைச் சோதித்துப் பார்த்த பிறகே குளிப்பு அறிவிப்பார்கள். 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளுக்குப் பின் அந்தத் தொழில் ஓய்ந்தது. கடலின் இந்த முறையே தேருக்கும் முறையானது என்று நிறுவ முடியாது. ஆயினும் செல்வம் எப்போதோ ஒருமுறை வெளிப்படுவது இம்மக்களுக்குப் பழகிய ஒழுங்கு. தேரின் நீண்ட காத்திருப்பு அவர்களுக்குக் குறையாகத் தோன்றியிராது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இஸ்ரயேலரின் கூடாரமும் நடமாடியதுதானே? ஆம்; ஆனால் அது எப்படிப் புறப்பட்டது என்பதை எண்ணிக்கை நூல் நான்காம் அதிகாரத்தில் காணலாம். பயணத்துக்கு முன் பேழையைத் திரையால் மூடி, அதன்மேல் தோலும் நீலத்துணியும் போர்த்தினார்கள். பொன்னாலான பீடத்துக்கும் நீலத்துணியும் தோலும் போர்வை. சுமந்த லேவியர்கூட அந்தப் பொன்னைப் பார்க்கக் கூடாது. அங்கே பேழையின் பொன் நிற்கும்போது ஒருவருக்குத் தெரிந்தது, நடக்கும்போது யாருக்கும் தெரியவில்லை. இங்கே நிற்கும்போது மறைந்திருப்பது, நடக்கும்போது எல்லார் கண்ணுக்கும் விருந்தாகிறது. இருவருமே பொன்னை அளந்துதான் கொடுத்தார்கள். அவர்கள் ஆளைக் குறைத்தார்கள். இவர்கள் நாளைக் குறைத்தார்கள்.

கூடாரத்திலும் எல்லாருக்கும் உரிய உலோகம் ஒன்று இருந்தது. எண்ணப்பட்ட 6,03,550 ஆண்களும் தலைக்கு அரைச் செக்கேல் வெள்ளி கொடுத்தார்கள். செல்வன் கூட்டவும் ஏழை குறைக்கவும் கூடாது. அதில் நூறு தாலந்து உருகி, பொன் வேய்ந்த சட்டங்களுக்கும் திரைத்தூண்களுக்கும் அடியில் நூறு பாதங்களானது. உள்ளே போகமுடியாதவரின் பங்கு அடித்தளத்தில் இருந்தது. தங்கத்தேரின் பொன்னைத் தொடங்கிவைத்தவர் ஒரு தலைவர். அதை நகர்த்துவதோ வடம் பிடிக்கும் ஆயிரம் கைகள். அந்த வடத்தில் உலோகம் இல்லை.