இரண்டு போத்தல் விளக்குகள்

மின்வெட்டு வந்தால் வீட்டில் என்ன செய்வது எண்டு கேட்டால் இப்ப ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறோம். ஃபோனையும் பவர் பாங்கையும் முதலே சார்ஜில் போடு, தாங்கியில் தண்ணி நிரப்பு, ஃபிரிட்ஜ் கதவைச் சும்மா சும்மா திறக்காதே. ஜெனரேற்றர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அதை வீட்டுக்குள்ளோ ஜன்னலுக்குப் பக்கத்திலோ ஓட விடக்கூடாது, அதன் புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எல்லாம் சரியான அறிவுரைகள்தான். ஆனால் இவை கரண்ட் இருக்கிற வீட்டுக்காக, சில மணித்தியாலத்தில் அது திரும்பி வரும் என்ற நம்பிக்கையோடு எழுதப்பட்டவை. அந்த நம்பிக்கை இந்தத் தீவுக்கு மிகவும் புதிது.

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நீர்மின் யோசனையை முன்வைத்தது 1918 இல். லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். அதற்கு நாற்பது வருடங்களுக்குப் பிறகும், 1990களின் தொடக்கத்தில், நாட்டின் பாதிக்கும் குறைவான வீடுகளுக்குத்தான் மின்சாரம் கிடைத்திருந்தது. அணைக்கட்டுகளையும் சுழலிகளையும் சுற்றியிருந்த தோட்டங்களின் லயன் அறைகளிலேயே மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. மற்றவர்களுக்கு வெளிச்சம் போகிற கம்பி தலைக்கு மேலால் போகும், கீழே குப்பி விளக்கு. ஆக, மின்வெட்டு என்பதைக் கொஞ்சம் வசதியான ஆட்களின் பிரச்சினை என்றே சொல்லலாம். வெட்டுறதுக்கு முதலில் கரண்ட் இருக்கவேணும்.

அந்தப் பத்தாண்டில் இந்தத் தீவின் இரண்டு பக்கங்களில், ஒன்றையொன்று அறியாமல், இரண்டு போத்தல் விளக்குகள் உருவாகின. ஒன்று எண்ணெயைச் சேமிக்க, மற்றது உயிரைக் காக்க. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன்.

முதலாவது எங்கட பக்கத்து விளக்கு. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றுபோனது. அதோடு பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி வராது. மண்ணெண்ணெய் சங்கக்கடையில் அட்டைக்கு அளந்துதான் கிடைக்கும், வெளியில் வாங்கினால் விலை பல மடங்கு. அரிக்கன் லாம்பு வீட்டில் இருந்தாலும் அதை இரவு முழுக்க எரிக்கக் கட்டாது. அப்படித்தான் ஜாம் போத்தல் விளக்கு வந்தது.

செய்முறை வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். அடிப்படை இதுதான்: காலியான ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு. பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பிலிருந்து எடுத்த வால்வுக்குள்ளால் ஒரு நூல்திரி, அதை நேராக நிறுத்த ஒரு துண்டுத் தகடு அல்லது கம்பி. சுவாலை போத்தலுக்கு உள்ளேயே இருக்கும், வாய் திறந்திருக்கும். போத்தலே சிமினியாகிவிடுவதால் சின்னக் காற்றுக்கு அணையாது. வெளிச்சம் ஒரு கொப்பியின் இரண்டு பக்கத்துக்குக் காணும், அவ்வளவுதான். ஆனால் ஒரு சொட்டு எண்ணெயில் நெடுநேரம் எரியும். இதை ஆர் கண்டுபிடித்தது என்று கேட்டால் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பதில் வரும். பேர் வைத்துக் காப்புரிமை எடுக்கிற நிலையில் ஒருவரும் இருக்கவில்லை.

அந்தக் காலத்து மற்ற வித்தைகளையும் கேட்டிருப்பீர்கள். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பெடலை ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோ பாடும். இரவு 9.15 தமிழோசைச் செய்திக்காக முறைவைத்து மிதித்த கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. செத்த பற்றரியை வெயிலில் காயவைப்பார்கள், ஆணியால் துளையிட்டு உப்புத்தண்ணி விடுவார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள்.

இந்தக் கதைகளை எங்களுக்குச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் மாமாக்கள். அவர்களுடைய கதையில் விளக்கு ஒரு புத்திசாலித்தனம், ஒரு வெற்றி. 'நாங்கள் போத்தல் விளக்கில படிச்சு கம்பஸ் வந்த ஆக்கள், உங்களுக்கு வைஃபை இல்லாட்டிப் படிக்க ஏலாது' என்று முடியும். அதே காலத்தைப் பற்றி அம்மம்மாவிடம் கேட்டால் அவ வேறு விஷயங்களைச் சொல்லுவா. பின்னேரம் நாலு மணிக்கே லாம்புச் சிமினியைச் சாம்பல் போட்டுத் துடைத்தது. திரியைக் கத்தரித்தது. விடிய எழும்பினால் பிள்ளைகளின் மூக்குக்குள் கரி. நெருப்புப்பெட்டி எப்போதும் ஒரே தட்டில், ஒரே மூலையில், இருட்டில் கை வைத்தால் படுகிற இடத்தில். அடையாள அட்டைகளும் உறுதிகளும் ஒரு பைக்குள், அந்தப் பை வாசலுக்குப் பக்கத்தில். இது வெறும் மின்வெட்டு ஆயத்தம் இல்லை. விமானச் சத்தம் கேட்டால் இருக்கிற விளக்கையும் ஊதி அணைத்துவிட்டுப் பங்கருக்குள் இறங்கவேணும். வெளிச்சம் வெளியே தெரிவது ஆபத்து, வெளிச்சமில்லாமல் பங்கருக்குள் காலை வைப்பதும் ஆபத்து, ஏனெண்டால் பாம்பு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது அந்தப் பை உதவியது என்று அவ சொல்லுவா. விளக்கை அவ கொண்டுபோகவில்லை.

இனி மற்ற விளக்கு. தெற்கிலும் மலையகத்திலும் கிழக்கிலும் கரண்ட் இல்லாத வீடுகளில் எரிந்த குப்பி விளக்கு என்னவென்று எல்லாருக்கும் தெரியும். மருந்துப் போத்தலோ சாராயக் கால் போத்தலோ, அதன் வாயில் ஒரு தகரத் துண்டு, அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள்ளால் துணித்திரி. சிங்களத்தில் குப்பி லாம்புவ. உயரம் கூட, பாரம் குறைவு, அடி ஒடுக்கம். பூனை தட்டினாலும் விழும். விழுந்தால் உருளும், உருண்டால் மூடி கழன்று எண்ணெய் கொட்டும், கொட்டின எண்ணெயில் திரி கிடக்கும். பாயில் படுத்திருக்கிற பிள்ளையின் உயரத்தில்தான் இதெல்லாம் நடக்கும்.

இப்படி எரிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர்களில் ஒருவர் விஜய கொடகும்புர. எரிந்த பிறகு தோல் ஒட்டுவதைவிட, விளக்கை மாற்றுவது சுலபம் என்பதுதான் அவருடைய கணக்கு. 1990களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த பாதுகாப்புப் போத்தல் விளக்குக்குச் 'சுதீப' என்று பேர். வழி காட்டியது மாமைற் போத்தலின் குந்தின வடிவம். கட்டையானது, தடித்த கண்ணாடி, அதனால் பாரம், இலேசில் சரியாது. இரண்டு பக்கம் தட்டை, அதனால் சரிந்தாலும் உருளாது. திருகி மூடுகிற உலோக மூடி, அதனால் உருண்டாலும் எண்ணெய் கொட்டாது. விலை மிகக் குறைவு. லட்சக்கணக்கில் செய்து கொடுக்கப்பட்டது. 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

இப்ப இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எண்ணெயை மிச்சம் பிடிக்க வந்த ஜாம் போத்தல் விளக்கிலும் அதே பாதுகாப்பு, ஒருவரும் திட்டமிடாமலே, கொஞ்சம் இருக்கிறது. அதில் கொட்டுறதுக்கு எண்ணெய் இல்லை, எல்லாம் பஞ்சுக்குள். ஜாம் போத்தல் கட்டையானது, அகலமான அடி. சுவாலை கண்ணாடிக்கு உள்ளே. தடை விதித்தவர்கள் எண்ணெயைக் குறைத்தார்கள், எண்ணெய் குறைந்ததால் விளக்கின் ஆபத்தும் ஓரளவு குறைந்தது. இதைத் தடையின் நன்மை என்று சொல்ல நான் வரவில்லை. அதே தடைதான் எரிகாயத்துக்குத் தேவையான மருந்தையும் மறித்து வைத்திருந்தது. ஜாம் போத்தலுக்கும் அதற்குரிய கெடுதல்கள் உண்டு: சூட்டில் மெல்லிய கண்ணாடி வெடிக்கும், புகை கூட, திறந்த வாய்க்குள் பிள்ளைகள் கடதாசி நீட்டி விளையாடுவார்கள்.

இரண்டு விளக்குக்கும் பொதுவான எதிரி ஒன்று இருந்தது. கலப்பட எண்ணெய். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற அது ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகவேணும். பெற்றோலுக்கு அந்த வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையளவில். எங்கட நாட்டில் எந்த இரவிலும் பெற்றோல் ஆவி தயாராகவே நிற்கும். மண்ணெண்ணெய்க்குள் கொஞ்சம் பெற்றோல் கலந்துவிட்டால் விளக்கு ஒரு சின்னக் குண்டு. போத்தல் போத்தலாக றோட்டோரத்தில் எரிபொருள் வித்த காலத்தில் எந்தப் போத்தலுக்குள் முதல் என்ன இருந்தது என்று ஆருக்குத் தெரியும்? அம்மம்மா வீட்டில் இரண்டு சட்டம் இருந்தது. புது எண்ணெயை ஒரு துளி முற்றத்தில், வீட்டை விட்டுத் தள்ளி, பற்றவைத்துப் பார்க்காமல் விளக்குக்கு விடுறதில்லை. மற்றது, 'எரியிற விளக்குக்கு எண்ணெய் விடாதை, அணைச்சு ஆறவிட்டு விடு.' இரண்டாவது சட்டம் இன்றைக்கு மண்ணெண்ணெய் அடுப்புக்கும் பொருந்தும், ஜெனரேற்றருக்குப் பெற்றோல் விடும்போதும் பொருந்தும்.

1996 இல் வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி, தெற்கில் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு வந்தது. அது பெரிய நெருக்கடிதான். அதே நேரத்தில் யாழ்ப்பாணம் ஆறு வருடமாக இருட்டில் இருந்தது. வடக்கின் அனுபவத்திலிருந்து ஏதாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு யோசனை கொழும்பில் எழுந்திருக்க முடியுமா? பாதை பூட்டியிருந்தது, அது ஒரு பக்கம். ஜாம் போத்தல் தெற்குக்குப் போகவில்லை, சுதீபவும் நானறிய எங்கட வீடுகளுக்கு வரவில்லை. குடாநாடு தேசிய மின்வலையோடு மறுபடி இணைந்தது போர் முடிந்த பிறகுதான்.

பிறகு 2022. உயர்தரப் பரீட்சை பெப்ரவரியிலும் மார்ச்சிலும் நடந்த வருடம், எங்கட வருடம். மார்ச் 31 இல் மின்வெட்டு 13 மணித்தியாலம். அதற்கு முந்தின சில மாதங்களாகச் சமையல் எரிவாயு சிலிண்டர் வெடிப்புச் செய்திகள் வந்ததால் பயந்துபோய்ப் பலர் மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரும்பியிருந்தார்கள். பெற்றோலைக் கானில் வாங்கி வீட்டுக்குள் பதுக்கி, அது தீப்பிடித்த செய்திகளும் வந்தன. முப்பது வருடமாக ஒரு தலைமுறை கவனமாகச் சேர்த்த அறிவு அடுத்த தலைமுறைக்கு வந்து சேரவில்லை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை. அறிவுரைச் சுற்றறிக்கைகளில் மெழுகுதிரியைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று இருந்தது. எரிபொருளைக் கலக்காதீர்கள், எரிகிற அடுப்புக்கு எண்ணெய் விடாதீர்கள் என்று நான் பார்த்த ஒன்றிலும் இல்லை. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. விலை ஏறினால் கலப்படமும் கூடவே வரும், அது 90களிலேயே தெரிந்த கணக்கு.

எங்கட வீட்டில் அந்த மாதங்களில் அம்மம்மா மறுபடி ஒரு ஜாம் போத்தல் விளக்குச் செய்தா. பஞ்சு இருந்தது, சைக்கிள் வால்வும் கிடைத்தது. கண்ணாடி ஜாம் போத்தல்தான் கஷ்டம், இப்ப பாதி பிளாஸ்டிக். கடைசியில் ஊறுகாய்ப் போத்தல். அதை ஒரு பீங்கானில் மணல் போட்டு நடுவில் வைத்தா, சரிந்தாலும் மணலுக்குள் விழட்டும் எண்டு. ஃபோன் ரோர்ச் இருக்கேக்க இதென்னத்துக்கு எண்டு தம்பி கேட்டான். 'ஃபோன் ஆஸ்பத்திரிக்கு எடுக்கிறதுக்கு. அதில வெளிச்சம் பிடிச்சுச் சாகடிக்காதை' எண்டா.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். எல்லாரும் குரங்கு மீம்ஸ் போட்டுக்கொண்டிருந்தோம். பகல் எண்டபடியால் விளக்கு ஒருவருக்கும் தேவைப்படவில்லை, தேவைப்பட்டது தண்ணி. தாங்கி அடி தட்டியிருந்தது, மோட்டர் இல்லாமல் கிணற்றிலிருந்து எடுக்க வழியில்லை. மோட்டர் பூட்டின வருடமே கப்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டோம். அடுத்த நாள் கரண்ட் வந்த பிறகும் அம்மம்மா விடவில்லை. மாமாவைச் சந்தைக்கு அனுப்பி ஒரு கப்பியும் இருபது முழம் கயிறும் வாங்குவித்து, பூட்டி முடியும்வரைக்கும் கிணற்றடியிலேயே கதிரை போட்டு இருந்தா.