வீட்டில் செய்த கப் கேக்: எதை வெளியே வைப்பது, எதை ஃப்ரிட்ஜில் வைப்பது?

ஆவடியை அடுத்த சேக்காட்டில், எங்கள் தெருவில் மட்டும் கேக் செய்யத் தெரிந்த வீடுகள் நான்கைந்து உண்டு. பெருநாள் என்றால் பிரியாணியும் சேமியாவும் போக, பிள்ளைகளுக்காகக் கப் கேக்கும் தட்டில் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்கும் நாலைந்து போகிறது. சில சகோதரிகள் பிறந்தநாள் ஆர்டர் எடுத்துக் கொஞ்சம் வருமானமும் பார்க்கிறார்கள். செய்த அன்று எல்லார் வீட்டுக் கேக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாள்தான் பிரச்சினை. ஒரு வீட்டில் கட்டையாகிறது, இன்னொரு வீட்டில் மேலே பிசுபிசுக்கிறது, வேறொரு வீட்டில் புளித்த வாடை வருகிறது. மாவு கலந்ததில் தவறு என்று நினைத்து அளவை மாற்றிப் பார்க்கிறோம். பல நேரம் தவறு அளவில் இல்லை, எடுத்து வைத்த விதத்தில் இருக்கிறது.

சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்தைய இரவு 24 கப் கேக் செய்தேன். கடைசித் தட்டு ஓவனிலிருந்து இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. தூக்கக் கலக்கத்தில், கை பொறுக்கும் சூட்டிலேயே டப்பாவில் அடுக்கி மூடிவிட்டேன். விடிந்து பார்த்தால் மூடியின் உட்புறம் முழுக்கத் தண்ணீர் முத்து. பேப்பர் கப் தானாகக் கழன்று நிற்கிறது, கேக்கின் மேல்தோல் ஈரமாகக் கையில் ஒட்டுகிறது. இருந்ததை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினேன். அடுத்த நாள் எடுத்தால் பழைய ரொட்டி மாதிரி விறைப்பு. ஒரே ராத்திரியில் இரண்டு தவறு.

முதல் தவறு எல்லாருக்கும் புரியும். கேக்குக்குள் இருக்கும் ஆவி வெளியேற வேண்டும். டிரேயிலேயே விட்டாலும் அடியில் வியர்க்கும். ஐந்து நிமிடத்தில் டிரேயிலிருந்து எடுத்து, காற்று அடியிலும் போகிற மாதிரிக் கம்பித் தட்டில் வைக்க வேண்டும். கம்பித் தட்டு இல்லாவிட்டால், அடுப்பின் மேல் பாத்திரம் தாங்கும் கம்பியைக் கழுவித் துடைத்து வைத்தாலும் வேலை நடக்கும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். அடிப்பாகத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடு தெரியவில்லை என்றால்தான் மூடி. அதற்காக இரவு முழுக்கத் திறந்தும் போடக் கூடாது. ஃபேன் காற்றில் மூன்று மணி நேரம் இருந்தாலே ஓரங்கள் காய்ந்துவிடும். எறும்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தவறுதான் பலருக்கும் தெரியாதது. ஃப்ரிட்ஜில் வைத்தால் எதுவும் புதிதாக இருக்கும் என்று நம்புகிறோம். மாவுப் பண்டத்துக்கு அது பொருந்தாது. மைதாவிலுள்ள மாவுச்சத்து, வேகும்போது தண்ணீரை இழுத்து மிருதுவாகிறது. ஆறியபின் மெல்ல மெல்லப் பழையபடி இறுகத் தொடங்குகிறது, பிடித்திருந்த தண்ணீரையும் விட்டுவிடுகிறது. கேக் காய்ந்துபோவதாக நமக்குத் தோன்றுவதில் பெரும்பங்கு இந்த இறுக்கம்தான். டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இது நிற்காது. இது மிக வேகமாக நடப்பது ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸில், அதாவது சரியாக ஃப்ரிட்ஜின் குளிரில். உறைநிலைக்குக் கீழே நன்றாகக் குளிர்ந்த ஃப்ரீசரில் இது ஏறக்குறைய நின்றுவிடும். நேற்றைய சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் பருக்கை விறைப்பதும் இதனால்தான். சர்க்கரையும் கொழுப்பும் இருப்பதால் ரொட்டியை விடக் கேக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

வெண்ணெய் போட்டுச் செய்த கேக்கில் இன்னொரு விஷயமும் சேருகிறது. குளிரில் வெண்ணெய் கட்டியாகிறது, கேக்கும் கூடவே கட்டியாகிறது. எண்ணெய் ஊற்றிச் செய்தது அப்படி ஆகாது. கிரீம் வைத்து ஃப்ரிட்ஜில் வைக்கத்தான் போகிறோம் என்று முன்பே தெரிந்தால், சூரியகாந்தி எண்ணெயில் செய்வது நல்லது. மணம் குறைவுதான். ஆனால் சாப்பிடும்போது பஞ்சு மாதிரி இருக்கும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடலாமா? அங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. வெளிநாட்டுப் புத்தகங்களில் ‘அறை வெப்பத்தில் மூன்று நாள்’ என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் அறை 20, 22 டிகிரி. மே மாதத்தில் நம் சமையலறை பகலில் 35 டிகிரியைத் தாண்டும். கடற்காற்று மெரினாவுக்கு மதியமே வந்தாலும், ஆவடி, அம்பத்தூர் பக்கம் வந்து சேரத் தாமதமாகும். காற்றில் ஈரமும் உண்டு. ஆகவே மேலே எதுவும் தடவாத சாதா கப் கேக்கை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை மூடிய டப்பாவில் இரண்டு, மூன்று நாள் வெளியே வைக்கலாம். கோடையில் ஒன்றரை நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழம், கேரட், தேங்காய்ப்பால் சேர்த்தது இன்னும் சீக்கிரம் ஊசிப்போகும்.

கீழக்கரைத் தொதல் நாள் கணக்கில் தாங்குகிறதே, தம்ரூட் தாங்குகிறதே, கேக் மட்டும் ஏன் தாங்காது என்று எங்கள் வீட்டுப் பெரியம்மா கேட்பார். கிருமி வளரத் தண்ணீர் வேண்டும். மணிக்கணக்கில் கிளறித் தண்ணீரை விரட்டி, மிச்சமிருப்பதைச் சர்க்கரையோ வெல்லமோ கட்டிப் போட்டுவிட்டால் கிருமிக்கு எதுவும் கிடைக்காது. தொதலின் கதை அது. கப் கேக்கை இருபது நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம். ஈரமாக இருப்பதுதான் அதன் ருசியே. கடைக் கேக் வாரக் கணக்கில் இருப்பதற்குக் காரணம், பூஞ்சையைத் தடுக்கும் கால்சியம் புரோப்பியோனேட், சார்பிக் அமிலம் போன்றவற்றை அளவோடு சேர்ப்பது. வீட்டில் அதற்கு அவசியம் இல்லை. சிலர் மிருதுவாக இருக்கக் கிளிசரின் அல்லது கேக் ஜெல் சேர்க்கிறார்கள். இவை தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். உணவுக்கென்று விற்பதா, உறையில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பச்சைக் குறி இருந்தால் விலங்குக் கொழுப்பு பற்றிய சந்தேகம் தீர்ந்துவிடும்.

இனி கிரீம். இதுவரை சொன்னதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது. இது உடம்பு சம்பந்தப்பட்டது.

ஃபிரெஷ் கிரீம், கிரீம் சீஸ், கஸ்டர்டு, நறுக்கிய பழம் இவற்றில் எது மேலே இருந்தாலும் அந்தக் கப் கேக்கின் இடம் ஃப்ரிட்ஜ்தான். கேக் கொஞ்சம் இறுகினாலும் பரவாயில்லை. உணவுக் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். கெட்டுப்போகக்கூடிய பண்டத்தை இந்த வெப்பத்தில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் கணக்கு. சென்னையில் ஆண்டின் பாதி நாள் பகலில் 32 டிகிரியைத் தாண்டித்தான் இருக்கிறது. அதனால் நமக்கு ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

இதை இஃப்தாருக்குப் பொருத்திப் பாருங்கள். நோன்பு மார்ச் மாதத்தில் வந்தால் சென்னையில் மக்ரிப் ஆறேகாலை ஒட்டி வருகிறது. அஸர் தொழுதுவிட்டு நாலரைக்குக் கப் கேக்கை எடுத்துப் பெட்டியில் அடுக்கி, பள்ளிவாசலுக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்புகிறோம். நோன்பு திறந்ததும் முதலில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வடையும். தொழுதுவிட்டு வந்து பிள்ளைகள் கேக்கில் கை வைக்கும்போது ஏழு மணி. இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. மேலே கிரீம் இருந்தால் இது ஆபத்தான கணக்கு. பள்ளிவாசலுக்குப் போகிற கேக்கைச் சாதாவாகவே அனுப்புங்கள். இல்லையென்றால் கோகோ, டூட்டி ஃப்ரூட்டி, முந்திரி என்று மாவிலேயே சேர்த்துச் சுட்டுவிடுங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும், வழியில் நசுங்கவும் நசுங்காது.

கிரீமில் வரும் ஒரு கிருமியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பது அதன் பெயர். நம்மில் பலரின் மூக்கிலும் தோலிலும் எப்போதும் இருப்பது. கைப்புண்ணிலும் இருக்கும். கையிலிருந்து கிரீமுக்குப் போய், வெப்பத்தில் பெருகி, ஒரு நச்சுப் பொருளை விட்டுவைக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, ஃப்ரிட்ஜில் வைத்தாலும் போகாது. வாடையிலோ நிறத்திலோ ருசியிலோ எதுவும் தெரியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி. ‘முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது’ என்பதை நம்ப முடியாதது இதனால்தான். விரலில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் கிரீம் வேலை வேண்டாம், அல்லது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிரெஷ் கிரீம் வைத்ததை இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். ஐசிங் சுகரும் வெண்ணெயும் அடித்த பட்டர் கிரீமில் சர்க்கரை மிக அதிகம், அதனால் கொஞ்சம் தாங்கும். ஆனால் நம் வெயிலில் வெண்ணெய் உருகி வழிந்துவிடும், அதையும் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று, நான்கு நாளில் முடிக்கலாம். பரிமாறுவதற்கு 20 நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் போதும். சாக்லேட் கனாஷுக்கும் இதே கணக்கு. இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. கேக்கைச் சாதாவாக வெளியே வைத்துவிட்டு, கிரீமை மட்டும் பைப்பிங் பையில் நிரப்பி ஃப்ரிட்ஜில் போடுங்கள். விருந்தாளி வந்தபின் வைத்துக் கொடுக்கலாம். கேக்கும் இறுகாது, கிரீமும் கெடாது.

ஃப்ரிட்ஜில் எதை வைத்தாலும் மூடிய டப்பாவில்தான். வெண்ணெய்க்கு வாடையை இழுக்கும் குணம் உண்டு. கருவாட்டுக் குழம்பு இருந்த தட்டில் கப் கேக்கைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டாம்.

பல நாள் வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான் சரி. ஆறியபின் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கிளிங் ஃபிலிமில் சுற்றி, எல்லாவற்றையும் ஜிப் லாக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி வையுங்கள். சுட்ட அன்றே வைக்க வேண்டும். கட்டையான பிறகு ஃப்ரீசரில் வைத்தால் கட்டையாகவேதான் திரும்பி வரும். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு, மூன்று மாதம் ருசி குறையாமல் இருக்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்னப் பனிப்பெட்டியில் அவ்வளவு குளிர் இருப்பதில்லை, இரண்டு மூன்று வாரத்தில் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது சுற்றியதைப் பிரிக்காமல் அப்படியே வெளியே வையுங்கள். காற்றின் ஈரம் ஃபிலிமின் மேல் படியும், கேக்கில் படியாது. முக்கால் மணி நேரத்தில் தயார். பிரித்துவிட்டு வைத்தால் சென்னைக் காற்றுக்கு ஐந்து நிமிடத்தில் நனைந்துவிடும்.

ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில் மட்டும் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். மூன்று, நான்கு வீட்டுக் குர்பானி இறைச்சி ஒரே ஃப்ரீசரில் சேர்கிறது. உறையாத இறைச்சியை அடைத்ததும் உள்ளே குளிர் குறையும், ரத்தநீர் கசியும். பச்சை இறைச்சி இருக்கும் இடத்தில், சூடாக்காமல் அப்படியே வாயில் போடும் கேக்கை வைப்பது சரியல்ல. வேறு வழியே இல்லையென்றால் கேக் மேல் தட்டில், அதுவும் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில். இறைச்சி எப்போதும் கீழே, கசியாத பாத்திரத்தில்.

மின்தடை வந்தால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே வைத்திருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்கு மேல் போனால் கிரீம் கேக்கை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சாதா கேக்குக்கு ஒன்றும் ஆகாது.

கொட்டுவது என்றதும் நம் பெண்களுக்கு மனசு வராது. உணவை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். கட்டையான கேக்கை வீணாக்க வேண்டாம். மைக்ரோவேவில் பத்து வினாடி, அல்லது இட்லிப் பானையில் ஒரு நிமிடம் ஆவி காட்டினால் மிருதுவாகிவிடும், உடனே சாப்பிட வேண்டும். உதிர்த்துப் பாலில் ஊறவைத்தால் புட்டிங் ஆகும். பூஞ்சை பிடித்தது அப்படி அல்ல. மேலே ஒரு பச்சைப் புள்ளிதானே என்று கிள்ளிப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். கேக் மென்மையானது, பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கும். சில பூஞ்சைகள் நச்சும் விடும். உள்ளே பிட்டுப் பார்த்தால் நூல் நூலாக இழுபட்டு, அழுகிய பழ வாடை வந்தால் அது வேறொரு பாக்டீரியா. அதன் விதை ஓவன் சூட்டையும் தாங்கிப் பிழைப்பது. அந்த டப்பாவை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் அடுத்த கேக்கை வைக்க வேண்டும்.

விற்பனைக்குச் செய்யும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006 பொருந்தும். ஆண்டு விற்றுமுதல் குறைவாக உள்ள சிறு தயாரிப்பாளர்களுக்கு உரிமம் வேண்டாம், எளிய பதிவு போதும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். வாடிக்கையாளர் வாங்கிப்போய் மேசையில் வைத்து மறந்துவிட்டாலும், நாளைக்கு ஒரு பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் உங்கள் பெயர்தான் முதலில் வரும். பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். சுட்ட தேதி, முட்டை, பால், முந்திரி எது இருக்கிறது, ‘கிரீம் உள்ளது, வாங்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்கவும், இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்’ என்று நான்கு வரி. கையால் எழுதினாலும் போதும், தேதி மட்டும் தெளிவாகத் தெரியட்டும்.