20 வாட்டில் ஒரு வரலாறு

ஜப்பானின் பயனியர் நிறுவனம் 1978இல் எஸ்எக்ஸ்-1980 என்ற ஸ்டீரியோ ரிசீவரை வெளியிட்டது. சேனலுக்கு 270 வாட். எடை சுமார் 35 கிலோ. அதே ஆண்டு லண்டனில் இயங்கிய என்.ஏ.டி. நிறுவனம் கொண்டுவந்த 3020 ஆம்ப்ளிஃபையருக்கு 20 வாட்தான். குறைந்த விலையில் செகண்ட் ஹேண்ட் ஆம்ப்ளிஃபையர் தேடுகிறவர்கள் இன்றும் அடிக்கடி உச்சரிக்கும் பெயர் இரண்டாவதுதான்.

அது வாட் போட்டி உச்சத்தில் இருந்த காலம். ஒரு கணம் எட்டிப் பிடிக்கும் சக்தியைக்கூட முழு வாட்டாக விளம்பரம் செய்யும் பழக்கம் முன்பு இருந்தது. அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் 1974இல் அதற்குக் கடிவாளம் போட்டது: இரண்டு சேனல்களும் ஒருசேர, தொடர்ந்து தரக்கூடிய சக்தியை விளம்பரத்தில் சொல்லியாக வேண்டும். எண்கள் நம்பத்தக்கவை ஆயின, ஆனால் போட்டி அடங்கவில்லை.

வீட்டில் பாட்டுக் கேட்பவருக்கு அந்த எண்கள் எவ்வளவு பயன்பட்டன? சக்தி பத்து மடங்கானால்தான் ஒலி இரண்டு மடங்கு உரத்ததாகக் காதுக்குத் தோன்றும். 20 வாட்டுக்கும் 270 வாட்டுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ அவ்வளவே.

என்.ஏ.டி.யை 1972இல் தொடங்கியவர் மார்ட்டின் போரிஷ். 3020ஐ வடிவமைத்தவர் நார்வேக்காரரான எரிக் எட்வர்ட்சன். அவர் கவனித்தது ஸ்பீக்கரை. பெட்டியில் 8 ஓம் என்று போட்டிருந்தாலும், உண்மையான ஸ்பீக்கரின் மின்தடை சில சுருதிகளில் அதற்கு வெகுவாகக் கீழே இறங்கும். அந்த நொடியில் ஆம்ப்ளிஃபையர் கூடுதல் மின்னோட்டத்தைக் கொடுத்தாக வேண்டும். முடியாவிட்டால் ஒலி சிதையும். இசையில் உச்சங்கள் கணநேரமே நீடிப்பதால், அந்தக் கணத்துக்கு மட்டும் 20 வாட்டைப் போல இரண்டு மடங்கு தரும்படி 3020 அமைக்கப்பட்டது. அதையும் மீறி வால்யூமை ஏற்றினால் கரகரப்பை மட்டுப்படுத்த ‘சாஃப்ட் கிளிப்பிங்’ என்றொரு சுவிட்ச் பின்பக்கம் இருந்தது.

செலவை வெளிப்பூச்சில் போடவில்லை. சாம்பல் நிற முகப்பு, எளிய குமிழ்கள், தைவானில் தயாரிப்பு. தொடக்க கால 3020இன் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்று 2என்3055. தமிழ்நாட்டில் மைக்செட் கட்டியவர்களுக்கும் ரேடியோ மெக்கானிக்குகளுக்கும் பழகிய அதே உருப்படிதான். அரிய பாகங்களைத் தேடாமல், யாருக்கும் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு நல்ல ஒலியை எட்டியதே எட்வர்ட்சனின் பெரிய சாதனை. கூடவே இசைத்தட்டுக்கான தரமான ஃபோனோ இணைப்பும் இருந்ததால், டர்ன்டேபிள் வைத்திருந்த இளைஞர்களுக்கு அது முதல் ஆம்ப்ளிஃபையர் ஆனது. லட்சக்கணக்கில் விற்றது, 3020ஏ, 3020பி, 3020இ, 3020ஐ என்று வாரிசுகள் வந்தன. 2013இல் டி 3020 என்ற டிஜிட்டல் காலத்து மாடலுக்கும் அந்த எண்ணையே சூட்டினார்கள்.

முதல் 3020களுக்கு இப்போது வயது நாற்பதுக்கு மேல். வாங்குகிறவர் வெளிக் கீறல்களைவிட உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களைப் பற்றி விசாரிப்பதே நல்லது. காலப்போக்கில் அவை உலர்ந்து, இரைச்சலையும் பலவீனமான பேஸையும் கொண்டுவரும். வால்யூமைத் திருகும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும். ஸ்பீக்கர் முனையில் டிசி மின்னழுத்தம் மில்லிவோல்ட் அளவைத் தாண்டினால்தான் கவலை, அது ஸ்பீக்கரையே எரித்துவிடும். மல்டிமீட்டர் உள்ள மெக்கானிக் ஒருவர் நொடியில் பார்த்துச் சொல்லிவிடுவார். பின்பக்கத்தில் ப்ரீ-ஆம்ப்பையும் பவர்-ஆம்ப்பையும் இணைக்கும் ‘ப’ வடிவ உலோகத் துண்டுகளையும் பார்க்க வேண்டும். அவை தொலைந்திருந்தாலோ களிம்பேறியிருந்தாலோ ஒலி வராது, அல்லது விட்டுவிட்டு வரும். பலர் அதைக் கெட்டுப்போன ஆம்ப்ளிஃபையர் என்று நினைத்து அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதுண்டு. இரண்டு சாதாரண ஆர்சிஏ வயர்களைப் போட்டாலே அது பாடத் தொடங்கிவிடும்.